வரப்பில் வழுக்கிய கால்

கட்டிலில் கிடக்கும் மிக்கேல்ராஜின் மாவுக்கட்டுக் காலைத் தலையணைமேல் தூக்கி வைக்கிறாள் மனைவி அமலோற்பவம். ஜெபிக்க வந்தவர்கள் சுற்றிலும் முழந்தாளிட்டிருக்க, "தவக்காலத்துக்காகக் குடியை விட்ட உம் பிள்ளை, விடியற்காலையில் மோட்டார் போடப் போய் வரப்பில் வழுக்கிவிட்டான், ஆண்டவரே" என்று உருகுகிறார் பங்குச்சாமியார். விழுந்தது ஒயின்ஷாப் படியில் என்பது அவனுக்கும், வரப்புக் கதையை ஊருக்குச் சொன்ன அவளுக்கும்தான் தெரியும். கட்டுக்குள் கால் அரிக்கிறது, அவன் அசையவில்லை. சாமியார் தீர்த்தம் தெளிக்கக் கையை ஓங்கியதும், குளிக்கும்போது சுற்றும் பாலித்தீன் பையைச் சட்டென்று கட்டின்மேல் போர்த்துகிறாள். "நனையக்கூடாது சாமி." ஜன்னல் வெயிலில் மின்னும் துளிகள் பையில் உருண்டு தரையில் சொட்டுகின்றன. எல்லோரும் "ஆமென்" என்கிறார்கள். அவன் வாய் திறக்கவில்லை. தலையணையைச் சரிசெய்கிற சாக்கில் அவள் அவன் காதருகே குனிகிறாள். "அவ்வளவு பொய் சொன்ன நானே ஆமென் சொல்லிட்டேன். சொல்லுங்க."