மாக்ரோமியா குழலியே

ஆய்வுக் கட்டுரையின் பதினெட்டாம் பக்கத்தில் மகளின் பெயரைக் கண்டாள்.

'மாக்ரோமியா குழலியே: தனிச் சிற்றினம் அல்ல. இனி இப்பெயர் செல்லாது.'

எழுதியிருந்தவன் அவளைப் பிரிந்துபோன கணவன். அச்சுக்குப் போகுமுன் நீ ஒருமுறை பார்த்துவிடு என்று மட்டும் மின்னஞ்சலில் சொல்லியிருந்தான். ஆறு வருடத்தில் அவனிடமிருந்து வந்த முதல் கடிதம்.

ஐந்து வயதில் டெங்குவில் போனவள் குழலி. மறு வருடம் மலையோடையில் தான் பிடித்த பெருந்தும்பிக்கு மகளின் பெயரை வைத்தாள். லத்தீன் விகுதி சேர்ந்தபோது பிள்ளையைக் கூப்பிடுவது போலவே இருந்தது.

குழலியே.

மடிக்கணினியை அறைந்து மூடினாள்.

அவன் எழுதியது பொய் என்று காட்ட வேண்டும்.

அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவு அவள் பொறுப்பில் இருந்தது. பெட்டியைத் திறந்தாள். ஊசியில் குத்திய பதினோரு தும்பிகள். ஒவ்வொன்றாக நுண்ணோக்கியில் வைத்தாள். ஆணின் வால்நுனிக் கொக்கி வளைந்திருந்தது. அந்த வளைவை வைத்துத்தான் அன்று புதுச் சிற்றினம் என்றாள்.

அவன் அனுப்பிய படங்களில் வேறு நான்கு ஓடைகளின் தும்பிகள். ஒன்றில் கொக்கி நேராக. அடுத்ததில் லேசாக வளைந்து. அடுத்ததில் இன்னும் கொஞ்சம்.

கடைசியில், அவளுடையது போலவே.

எல்லாம் ஒரே இனம்தான். நூறு வருடத்துக்கு முன்பே ஒரு வெள்ளைக்காரர் பெயர் வைத்துவிட்ட தும்பி.

மூன்று நாள் பார்த்தாள். அவன் சொன்னது சரி.

அதைத்தான் பொறுக்க முடியவில்லை. தப்பாக இருந்திருந்தால் கிழித்துப் போட்டிருப்பாள்.

போனில் கூப்பிட்டாள். இத்தனை பேர் தும்பி பார்க்கிறார்கள், இதை எழுத நீதான் கிடைத்தாயா என்றாள். ஆஸ்பத்திரிக்கே மூன்றாம் நாள்தான் வந்தாய் என்றாள். கேட்கக் கூடாததையும் கேட்டாள்.

"அவ உனக்கும் மகதானே?"



"வேற ஒருத்தர் எழுத ஆரம்பிச்சிருந்தார். கவனமில்லாம வச்ச பேருன்னு போட்டிருந்தார். நான் எழுதறேன்னு கெஞ்சி வாங்கினேன்."

போனை வைத்தாள்.

கோபம் அப்படியேதான் இருந்தது. இறக்கி வைக்கத்தான் இடமில்லை.

சிற்றினத்தின் பெயர் மாறினாலும் பழைய பெயர்ச்சீட்டை ஊசியிலிருந்து எடுக்கக் கூடாது. புதுச் சீட்டை அதன் கீழே செருக வேண்டும். அது விதி.

சின்னதாக அட்டை வெட்டினாள். வெள்ளைக்காரர் வைத்த பெயரை அழுத்தி எழுதினாள். அட்டை கிழிந்தது.

இன்னொன்று வெட்டினாள்.

பெயரைத் திருத்தியவர் யார் என்று எழுதும் இடத்தில் பேனா நின்றது.

அவன் பெயரை எழுதவில்லை.

'குழலியின் அப்பா' என்று எழுதி, ஊசியில் ஏற்றினாள்.