பூட்டிய பெட்டிக்குள் ஒரு உழக்கு

தொட்டுப் பார்க்கவென்றே அனுப்பிய பொருளைப் பூட்டி வைத்தால் அதற்குக் கோபம் வருமா, வராதா? அருங்காட்சியகம் பள்ளிக்கூடத்துக்கு இரவல் தந்த மரப்பெட்டிக்குள் இருந்த, அந்த ஊரின் பழைய உழக்குக்கு வந்ததே! உடைந்தால் யார் பதில் சொல்வதென்று டீச்சர் பெட்டியைத் திறக்கவே இல்லை. கரும்பலகையில் உழக்குப் படம் வரைந்து பாடத்தை முடித்துவிட்டார்.

"படத்துல நெல்லு அளக்க முடியுமாக்கா?" என்று பக்கத்திலிருந்த எழுத்தாணியிடம் பொருமியது உழக்கு. "நான் பித்தளை. கீழே போட்டாலும் உடைய மாட்டேனே!"

"கத்தாதேடி. நாளைக்கு நம்மைத் திருப்பி அனுப்பிடுவாங்க. பத்திரமா வந்துட்டோம்னு அங்கே மெச்சிக்குவாங்க."

அப்போது வெளியே பிள்ளைகள் பெட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். உழக்குக்குப் பொறுக்கவில்லை. அவர்கள் போனதும், பெட்டியோரம் ஓடிய எலியைக் கூப்பிட்டது.

"எலியண்ணே, உனக்குப் புண்ணியமாப் போகும். விடியறதுக்குள்ள, ஒரு பிள்ளையோட கை நுழையற அளவுக்கு இந்தப் பலகையைக் கொறிச்சு விடேன்!"