பிடித்த வரி

“விரல் இன்னும் விண்விண்ணெண்டு நோகுதோ, தம்பி?”

“ஓம்,” என்றான் ஜெகதீஸ்வரன், முகத்தைத் திருப்பாமலே.

“கிளவுசைக் கழட்டும், பாப்பம்.”

“தேவையில்லை அண்ணை.”

கனகரத்தினம் விடவில்லை. “அந்தச் சின்னவிரல் வளைஞ்சு கிடக்கிறதைக் குசினியில கண்டனான். ஏதும் மெசினுக்குள்ள குடுத்தனீரோ?”

“இல்லை.”

சுவிஸ் நாட்டு லுசேர்ண் நகரில் ஒரு ஹோட்டல் குசினியில் இருவருக்கும் சட்டி கழுவுகிற வேலை. மத்தியானச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் நடுவே கிடைக்கிற மூன்று மணி நேரத்தில், உடம்பைச் சாய்க்காமல் தேவாலய மண்டபத்தில் நடக்கிற டொச், அதாவது ஜெர்மன் மொழி, வகுப்புக்கு ஓடி வந்திருந்தார்கள். எண்பத்தாறாம் ஆண்டு மாசி மாதம். வெந்நீரில் ஊறிய கைக்கு வெளிக்குளிர் பட்டால் உயிர் போகும்.

இன்று கடைசி வகுப்பு. ஆசிரியை கையெழுத்துப் போட்ட சான்றுத் துண்டைக் கொண்டுவந்தால், சட்டி கழுவுவதை விட்டுச் சலாட்டுக்கு மரக்கறி வெட்டுகிற மேசைக்கு மாற்றுவதாகச் செஃப் சொல்லியிருந்தான். அங்கே கதிரையில் இருந்துகொண்டே வேலை செய்யலாம். ஐம்பத்தைந்து வயதில் முழங்கால் வீங்கி நிற்கிற கனகரத்தினத்துக்கு அந்தத் துண்டுதான் எல்லாம்.

போன கிழமை ஆசிரியை பிரவ் ஹூபர் ஒரு கவிதை கொடுத்திருந்தாள். கோடை முடிந்து ஏரிக்கரையில் கவிழ்த்து வைத்த படகு. அதன் முதுகில் பனி கொட்டுகிறது. எட்டே வரி. இன்று அதைப் பற்றிச் சொல்கிறவர்களுக்குத்தான் கையெழுத்து. சட்டி கழுவுகிறவனுக்குக் கவிதை எதற்கென்று ஜெகதீஸ்வரனுக்கு அன்று பற்றிக்கொண்டு வந்தது.

முதலில் கனகரத்தினம் எழும்பினார். கண்ணை மூடிக்கொண்டு, எட்டு வரியையும் ஆணி அடிக்கிற மாதிரி ஒப்புவித்தார். ஒரு பிழை இல்லை.

“அருமை,” என்றாள் பிரவ் ஹூபர். “இதில் உங்களுக்குப் பிடித்த வரி எது? ஏன்?”

கனகரத்தினம் ஜெகதீஸ்வரன் பக்கம் குனிந்தார். “என்னவாம்?”

“உங்களுக்குப் பிடிச்ச வரி எதெண்டு கேக்கிறா.”

“எட்டையும் சொல்லிப்போட்டனே.”

“எட்டில ஒண்டு.”

“பாட்டெண்டா பாடமாக்கிறது. பிடிக்கிறதுக்கும் பிடிக்காமல் விடுறதுக்கும் அதென்ன கறியோ?”

யோசித்துச் சொல்லுங்கள் என்று அவரை இருத்திவிட்டு, அவள் ஜெகதீஸ்வரனைப் பார்த்தாள்.

அவனுக்கு இரண்டு வரி கூடப் பாடமில்லை. ஆனால் அந்தப் படகு ஒரு கிழமையாகச் சட்டி கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் அவனோடேயே நின்றது. தெரிந்த டொச்சில் தடக்கித் தடக்கிச் சொன்னான். “மூன்றாம் வரி. படகு கவிழ்ந்து கிடக்கிறது. எங்கள் வேலை முடிந்தால் சட்டியும் அப்படித்தான். படகு சாகவில்லை. காய்கிறது.”

பிரவ் ஹூபர் அந்த வரியைத் திரும்ப ஒருமுறை மெல்ல வாசித்தாள். பிறகு துண்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். எது பிடித்ததென்று ஒரு மனுசர் அவனைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

“தம்பி,” கனகரத்தினம் அவன் காதருகே வந்தார். “உமக்கு இன்னொரு வரியும் பிடிச்சிருக்கும். அதை எனக்குத் தாரும். நான் சொல்லிப்போடுறன்.”

“தரமாட்டன்.”

“ஒரு வரிதானே ஐசே.”

“ஒரு வரிதான். நீங்களாத் தேடுங்கோ.”

“என்ர முழங்காலைப் பாத்துமோ இப்பிடிச் சொல்லுறீர்?”

“பாத்துத்தான் சொல்லுறன்.”

கனகரத்தினம் திரும்ப எழும்பினார். வேறொன்றும் வராமல் அதே எட்டு வரியையும் இன்னும் பலமாக ஒப்புவித்தார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சித்திரையில் புது வகுப்பு தொடங்கும், அதற்கு வாருங்கள் என்றாள் பிரவ் ஹூபர். துண்டு கிடைக்கவில்லை.

வெளியே பனி. பஸ் தரிப்பிடத்தில் கனகரத்தினம் அவனை மறித்து நின்றார்.

“நீர் வேலைக்கு வந்து ஒரு மாசம். உமக்கு ஏலாத நேரம் உம்மட சட்டியையும் சேர்த்துக் கழுவினனான். ஒருநாள் எண்டாலும் என்ர முகத்தைப் பாத்துக் கதைச்சிருக்கிறீரோ? இண்டைக்கு எல்லாருக்கும் முன்னால என்னை நாறடிச்சுப்போட்டீர். நான் உமக்கு அப்பிடி என்ன கடன்பட்டனான்?”

ஜெகதீஸ்வரன் கையுறையைக் கழற்றினான். பக்கவாட்டில் வளைந்து, குளிரில் நீலம் பாரித்திருந்த சின்னவிரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினான்.

“ஊரில நீங்கள் படிப்பிச்ச ஏழாம் வகுப்பில செய்யுள் ஒரு வரி மறந்ததுக்குப் பத்து அடி எண்டு பிரம்பை எடுத்தியள், சேர். ஆறாவது அடியில இது முறிஞ்சுபோச்சு. மிச்சம் நாலு அடி நீங்கள் எனக்கு இன்னும் கடன்.”