கண்ணாடியில் ஒரு நீல மீன்

"என் மேல எதுவும் ஒட்டாது," என்றது அச்சுக்கடைக்கு வந்த கண்ணாடிப் பலகை.

"மரத்துல அடிச்சேன், தகரத்துல அடிச்சேன். உன்ன விடுவேனா?" என்ற பிரிண்டர், நீல மீன் ஒன்றை அச்சிட்டு, புற ஊதா விளக்கால் அந்த நொடியே காயவைத்தது.

மை பிடித்ததா என்று சோதிக்க வந்த செல்லோடேப், மீன்மேல் ஒட்டி வெடுக்கென்று உரிந்தது. வாலைக் காணோம்.

கண்ணாடி சிரித்தது. பிரிண்டர் பக்கத்திலேயே இன்னொரு மீன் அடித்தது. இந்த முறை தலை போயிற்று.

டேப் தன்னையே உற்றுப் பார்த்தது. மையோடு யாருடைய எண்ணெய்க் கைரேகையோ வந்திருந்தது.

"எதுவும் ஒட்டாதுன்னியே, இது எப்போலேர்ந்து ஒட்டிக்கிட்டிருக்கு?"

கண்ணாடி அந்தக் கைரேகையைப் பார்த்தது. பிறகு, "துடைச்சிடுங்க," என்றது.

துணி அழுந்தத் துடைத்தது. பிரிண்டர் மூன்றாவது மீனை அடித்தது. டேப் முழுப் பலத்தோடு இழுத்தும் வெறுங்கையோடு திரும்பியது.

"இன்னொரு தரம் இழுத்துப் பாரேன்," என்றது கண்ணாடி.