காலி டம்ளர்

சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே எதையோ இடிக்கிற சத்தம், துணியைப் போட்டு அமுக்கினாற்போல மெதுவாகக் கேட்டது. மாஸ்டர் லேசாக இருமினார். சத்தம் சட்டென்று நின்றுவிட்டது.

கொஞ்ச நேரத்தில் அவர் மனைவி பால் டம்ளரோடு வெளியே வந்தாள். "சூடு ஆறிடுச்சு. கொஞ்சம் கொஞ்சமா குடிங்க." டம்ளருக்குள் மாவு மாதிரி எதுவோ சுற்றிக்கொண்டிருந்தது.

"வச்சிட்டுப் போ. நான் குடிச்சிக்கிறேன்."

அவள் தலை மறைந்ததும் மாஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். பாலை அங்கிருந்த தொட்டிச் செடியில் ஊற்றிவிட்டு, டம்ளரை உதட்டில் ஒற்றி ஈரமாக்கிக்கொண்டார். வாடிக் கிடந்த செடி இப்போதெல்லாம் புது இலை விட்டுத் தளதளவென்று நின்றது. செடிக்கு என்ன, குடலா இருக்கிறது வெந்துபோக என்று நினைத்துக்கொண்டார்.

"குடிச்சிட்டீங்களா?"

"ம்."

அவள் காலி டம்ளரைப் பார்த்துச் சிரித்தாள்.

ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் மாஸ்டர். வயிறு ஸ்டியரிங்கில் முட்ட, சீட்டைப் பின்னால் தள்ளினால் கால் பிரேக்குக்கு எட்டாமல் போக, கடைசியில் இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷனுக்குச் சம்மதித்தார். இப்போது நாலு வாய்க்கு மேல் போனால் நெஞ்சில் கல் வைத்தது மாதிரி அடைத்துக்கொண்டு, நுரை நுரையாக வெளியே வந்துவிடும்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த புதிதில் பெரிய மாத்திரை ஒன்று நடுவில் சிக்கி, உயிர் போய் உயிர் வந்தது. "இனிமே இந்த வீட்டுல மாத்திரைங்கிற பேச்சே எடுக்கக் கூடாது" என்று டப்பாவைக் குப்பையில் எறிந்தார்.

அதற்கப்புறம் ஒருநாள்தான் அவள் தன் தம்பியோடு போனில் பேசியது அவர் காதில் விழுந்தது. "அவருக்குத் தெரியாமத்தான்டா கலக்குறேன். தெரிஞ்சா வாயில வைப்பாரா? இடிச்சுப் போட்டா தெரியாது."

அன்று அந்த நாலு வாயும் இறங்கவில்லை. கல்யாணமான நாள் முதல் உப்பில்லை, உறைப்பில்லை என்று அவர் தள்ளிவிட்ட தட்டுகள் எல்லாம் கண்முன் வந்து நின்றன. ஒருநாள்கூட அவள் எதிர்த்துப் பேசினதில்லை. யானைக்கொரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர், பூனை தன் வீட்டிலேயே இருக்கும் என்று நினைக்கவில்லை.

அன்றிலிருந்து பால் செடிக்குப் போயிற்று. ஆனாலும் உடம்பு ஆட்டம் கண்டுகொண்டே வந்தது. முதலில் பாதம் மரத்தது. பிறகு கிளட்ச் எது, பிரேக் எது என்று காலுக்கே தெரியவில்லை. முட்டையிலும் கலக்கிறாளோ என்று மென்றதைக் கைக்குட்டையில் துப்பினார். இன்று காலை கண்ணாடியில் பார்த்தால் இரண்டு மாஸ்டர் நின்றார்கள்.

"என்னங்க, நடை பின்னுது. வாங்க, டாக்டரைப் பாத்துட்டு வந்துடலாம்" என்றாள் அவள்.

தானே கூப்பிடுகிறாளே, வேலை எவ்வளவு முடிந்திருக்கிறது என்று பார்க்கவா? ஆனால் தப்பிக்க அதைவிட நல்ல வழி கிடைக்காது என்று கிளம்பினார்.

ஆஸ்பத்திரியில் அவளைத் தண்ணீர் வாங்கிவர அனுப்பிவிட்டு, டாக்டரம்மாவின் காதருகே குனிந்தார். "ரத்தத்துல விஷம் இருக்கான்னு பாருங்க. அவளுக்குத் தெரிய வேண்டாம்."

டாக்டரம்மா தலையாட்டினார். ரத்தம் எடுத்து, அங்கேயே படுக்கவைத்து, கையில் டிரிப் ஏற்றினார்கள். ராத்திரி முழுக்க அவள் கட்டிலோரம் உட்கார்ந்து அவர் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் தூங்காமல் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் டாக்டரம்மா வந்தபோது அவள் வெளியே போயிருந்தாள்.

"விஷம் எதுவும் இல்ல மாஸ்டர்."

"நல்லா பாத்தீங்களா?"

"பாத்தாச்சு. இருக்க வேண்டிய சத்துதான் துளிகூட இல்ல. இந்த ஆபரேஷன் பண்ணவங்க வைட்டமினை விட்டா காலு மரத்துப்போகும், கண்ணுல ரெட்டையா தெரியும். இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா நினைவே தப்பியிருக்கும்."

அந்த நேரம் பார்த்து அவள் ஃபிளாஸ்க்கோடு உள்ளே வந்தாள். டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பினார். குரல் கடுமையாக இருந்தது.

"மாத்திரையை அவர் தூக்கிப் போட்டுட்டாருன்னு அழுதியே, இடிச்சுப் பால்ல கலந்து குடுன்னு சொன்னேனா இல்லையா? புருஷன் உயிர் விஷயத்துல இப்படியா அலட்சியமா இருப்பே?"

அவள் திகைத்துப்போய் மாஸ்டரைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. திருட்டுத்தனம் வெளிப்பட்ட பயத்தில், அவரிடம் மன்னிப்புக் கேட்பது போலவே மெதுவாகச் சொன்னாள்:

"தினமும் குடுத்தேன் டாக்டர். ஒரு சொட்டு விடாம குடிச்சாரு."