பழைய லென்ஸ் பொருந்துமா?

"கடையையே காலி பண்ணிடலாமான்னு யோசிக்கிறாங்க உங்க அக்கா. உனக்குப் புதுக் கேமரா கேக்குதா?"

கல்லாவிலிருந்து நாத்தனார் போட்ட சத்தத்தில், பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்திருந்தவர் கண்ணைச் சிமிட்டிவிட்டார். அக்கா மறுபடியும் எடுக்க வேண்டியதாயிற்று.

தம்பி கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் திருப்பவில்லை.

"வெள்ளிக்கிழமை அறிவிப்பு வருதாம். அதுவரைக்கும் பொறுக்கச் சொல்றேன். அவ்வளவுதானே?"

ஸ்டூடியோ அக்காவுடையது. கல்லா, அவள் வீட்டுக்காரரின் தங்கை பொறுப்பு. எடுத்த படங்களைத் திருத்துவது தம்பியின் வேலை. ஆனால் அவன் படத்தைத் திருத்துவதைவிட, அவர்களுடைய கேமரா கம்பெனி அடுத்து என்ன கொண்டுவரப் போகிறது என்று இணையத்தில் துழாவுவதுதான் அதிகம். வாயைத் திறந்தால் "புதுசு வருதாம்", "இன்னும் சின்னதா வருதாம்". நாத்தனார் அவனுக்கு 'வருதாம்' என்றே பேர் வைத்துவிட்டாள்.

அக்காவுக்குக் கடை அலுத்துவிட்டது. அப்படித்தான் சொல்லிக்கொள்கிறாள். ஓடியாடும் குழந்தைகளை எடுப்பதை விட்டுவிட்டாள். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் வேறு யார் பேரையாவது சொல்லி அனுப்புகிறாள். கேமராவை ஸ்டாண்டில் மாட்டி, எதிரே அசையாமல் உட்காருகிறவர்களை மட்டும்தான் எடுப்பது. சனிக்கிழமை கட்டடச் சொந்தக்காரர் வருகிறார். கடை வேண்டுமா வேண்டாமா என்று அன்றைக்குச் சொல்லியாக வேண்டும்.

"கூட இருக்கிற ஆள் சரியில்லைன்னா யாருக்குத்தான் அலுக்காது?" என்றாள் நாத்தனார். "அண்ணி எடுக்கிறதுல பாதிப் படத்தை இவன் அழிச்சுடறான். கடைசியா எடுத்த பிறந்தநாளுக்கு, 'இவ்வளவுதானா?'ன்னு என்னைத்தான் வந்து கேட்டாங்க."

தம்பி எழுந்து டீ போடப் போனான். நாத்தனாருக்கு முழு கப். தனக்கு முழு கப். அக்காவுக்கு மட்டும் அரை கப்.

"பாரு, முதலாளிக்கு அரை கப்!"

"அவ மெதுவாத்தான் குடிப்பா. ஆறிடும்" என்று இழுத்தான் தம்பி.

அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

டீ உள்ளே போனதும் நாத்தனாருக்குக் கோபம் போய் ஆர்வம் வந்துவிட்டது. "சரி, என்னதான் வருதாம்?"

"லென்ஸ் மாட்டுற வாயைப் பெருசா ஆக்குறாங்களாம். பழைய லென்ஸ் நேரா உட்காராது. நடுவுல ஒரு வளையம் போடணும்."

"வளையம் குடுப்பாங்களா?"

"அதுதான் தெரியலை. உண்டுன்னு சில பேர் சொல்றாங்க. எல்லாரையும் புது லென்ஸ் வாங்க வைக்கத்தான் வாயையே மாத்துறாங்கன்னு சில பேர்."

"விக்கிறவன் புத்தி பின்னே எப்படி இருக்கும்?"

"லென்ஸையும் மாத்தணும்னா எனக்குக் கேமராவே வேண்டாம்டா" என்றாள் அக்கா. "அத்தனையும் புதுசா வாங்க நான் எங்கே போவேன்? இந்த மூணு லென்ஸும் எந்த முகத்துக்கு எப்படி நடந்துக்கும்னு எனக்கு அத்துபடி."

தம்பியின் முகம் விழுந்துவிட்டது. பாவமாகத்தான் இருந்தது.

மறுநாள் முதல், கடைக்குள் நுழையும்போதே நாத்தனார் கேட்டாள், "வளையம் என்னாச்சு?" பிரேம் போட வந்த ஒரு பெரியவரிடம், "பாருங்களேன், குடுப்பாங்க" என்று பந்தயம்கூடக் கட்டினாள். அவருக்கு எந்த வளையம், யார் கொடுப்பார்கள் என்று கடைசிவரை புரியவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. மூன்று பேரும் கம்ப்யூட்டரைச் சுற்றி நின்றார்கள்.

திரையில் கேமரா பளபளவென்று சுழன்றது. படத்தின் அளவு, வீடியோ, எடை என்று வரிசையாக வந்தன. தம்பி எதையும் நின்று படிக்காமல் கீழே இறக்கிக்கொண்டே போனான்.

"நில்லு, நில்லு! வளையம் போட்டிருக்கான்! பழைய லென்ஸ் எல்லாம் பொருந்துமாம்!" நாத்தனார் குதிக்காத குறைதான்.

தம்பி இன்னும் இறக்கினான்.

"அதான் பொருந்தும்னு சொல்லிட்டானே. இன்னும் என்னத்தைத் தேடறே?"

பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி. அதன்மேல் விரலை வைத்து இரண்டு தரம் படித்தான். பெருமூச்சு விட்டான்.

"பழைய லென்ஸ் போட்டாலும் இது வேலை செய்யுமாம்கா."

"எது?" நாத்தனார் குனிந்து உரக்கப் படித்தாள். "'எடுப்பவரின் கை நடுங்கினாலும் படம் கலங்காது.' அட, இதுக்கா இத்தனை நாள் தவம் கிடந்தே? இங்கே யாருக்குக் கை நடுங்குது?"

தம்பி கப்புகளை எடுத்துக்கொண்டு அவசரமாக உள்ளே நகர்ந்தான். "டீ போட்டுட்டு வர்றேன்."

அக்கா அந்த வரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போனை எடுத்துக் கட்டடச் சொந்தக்காரரைக் கூப்பிட்டாள்.

"நாளைக்கு வாங்க. கடையை நாங்களே வெச்சுக்கறோம்... ஆமாங்க, முடிவு பண்ணியாச்சு. கேமரா ஒண்ணுதான் வாங்கணும், வாங்கிடுவோம்."

நாத்தனாருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏய் வருதாம்! இன்னிக்காவது அண்ணிக்கு முழு கப்பாக் கொண்டு வா!"

"வேண்டாம்டா" என்றாள் அக்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"நடுக்கத்தைத் தாங்குற கேமராதான் வந்திருக்கு. டீ கப் இன்னும் வரலை. நீ எப்பவும்போல எனக்கு அரை கப்பே கொண்டு வா."