ஒரே அடுப்பு

கணக்கெடுக்க வந்த பெண் அழைப்பு மணியை இரண்டாம் தடவை அழுத்துவதற்குள் பாத்திரக்கடைக்காரர் ஏசியை அணைத்துவிட்டார்.

வரி ஆபீஸ் ஆளோ என்னவோ, எதற்கு வம்பு. மனைவியைக் கண்ணாலேயே உள்ளே விரட்டினார். அவள் கையில் வளையல் கொஞ்சம் அதிகம்.

நாட்டில் யார் எப்படி வாழ்கிறார்கள், மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் எவ்வளவு தூரம், மற்ற நாடுகளோடு பார்த்தால் நாம் எங்கே நிற்கிறோம் என்று பார்க்கிற கணக்கு இது, பெயர் வெளியே போகாது என்றாள் வந்தவள்.

அதெல்லாம் அவர் காதில் ஏறவில்லை. எதிரில் யார் என்று பாராமல் முதலில் பாதிக்குப் பாதி குறைத்துவிடுவது அவருடைய தொழில் புத்தி.

காரா? தள்ளினால்தான் ஓடும். கடையா? ஈ ஓட்டுகிறோம். வீடா? மழை வந்தால் உள்ளேயும் குடை பிடிக்க வேண்டும்.

அவள் சிரிக்காமல் கையிலிருந்த டேப்லெட்டில் தட்டிக்கொண்டே போனாள். பேரம் படிகிறது என்று அவருக்குள் ஒரு குஷி.

ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்டாள். அவர்கள் கணக்கில் அதுதான் ஒரு குடும்பமாம்.

நாலு பேர் என்றார்.

மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையில் யாரோ இருமினார்கள். அவள் நிமிர்ந்தாள்.

"அது எங்கண்ணன்மா. அவருக்குத் தனி அடுப்பு."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். தனி அடுப்பென்றால் தனிக் குடும்பம், அவரிடமும் கேட்க வேண்டுமே என்று அவள் எழுந்துவிட்டாள்.

கடையைத் தொடங்கியவர் அண்ணன். தம்பியைக் கல்லாவில் உட்காரவைத்தவரும் அவர்தான். அவர் நோயில் படுக்கையில் விழுந்து எழுந்தபோது கடையின் பெயர்ப்பலகையில் தம்பி பெயர் இருந்தது.

அப்புறம் ஒருநாள் சாப்பிடும்போது பேச்சு தடித்தது. மறுநாள் மாடிப்படிக்குக் கீழே ஓர் அடுப்பு போய்ச் சேர்ந்தது. கூடவே, கடையில் வெகுநாளாக விலைபோகாமல் கிடந்த பானை ஒன்று.

வெளியே இது யாருக்கும் தெரியாது. அண்ணனைத் தலையில் வைத்துத் தாங்குகிறான் என்றுதான் கடைத்தெருவில் அவருக்குப் பேர். அந்தப் பேர் இப்போது அந்த அறைக்குள் இருந்தது.

அவள் பின்னாலேயே போய்க் கதவிடுக்கில் நின்றார். உள்ளே அண்ணன் தோளிலிருந்த துண்டை எடுத்து, அடுப்பையும் பானையையும் சேர்த்து மூடிக்கொண்டிருந்தார்.

"தனி அடுப்பா? தம்பி வெளையாட்டுக்குச் சொல்லியிருப்பான்மா. என்னை விட்டுட்டு அவன் ஒரு வாய் சாப்பிட மாட்டான்."

பாத்திரக்கடைக்காரருக்குப் போன மூச்சு வந்தது. முகம்தான் தீப்பட்ட மாதிரி எரிந்தது.

அவள் திரும்பி வந்து நாலை ஐந்தாக மாற்றினாள். வீட்டில் ஒவ்வொருவரும் நேற்று என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டாள்.

தனக்கு, மனைவிக்கு, பிள்ளைகளுக்கு என்று கடகடவென்று சொன்னார். முட்டை, மீன், பழம். இதில் குறைத்துச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

"உங்க அண்ணன்?"

எந்தப் பொருளுக்கும் நாக்கு நுனியில் விலை வைத்திருப்பவர் மாடிப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அந்தப் பானையில் எவ்வளவு வேகும் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். ஓர் ஆளுக்குக்கூடக் காணாது என்றுதான் அதை யாரும் வாங்காமல் போனார்கள்.